ஒரு சாண் ஆழம்: குளிர்தேசத்தில் மரம் நடுவது பற்றி

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கிய வருடம், வைகாசி மாதத்தில், அப்பா முன்முற்றத்தில் ஒரு சர்க்கரை மேப்பிள் கன்று நட்டார். யாழ்ப்பாணத்தில் தென்னை வைத்துப் பழகிய கை. இடுப்பளவுக்குக் கிடங்கு வெட்டி, அடியில் எருவும் மண்ணும் கலந்து போட்டு, கன்றை இறக்கி, தண்டில் ஒரு சாண் மறையும்படி மண்ணை மூடி மிதித்து இறுக்கினார். இரண்டு வருடம் தளதளவென்று நின்றது. நாலாம் வருடம் ஆவணியிலேயே உச்சிக் கிளையின் இலைகள் மட்டும் சிவந்தன. அழகென்று அயலவர்கள் படம் எடுத்தார்கள். ஏழாம் வருடம் பட்டுப்போயிற்று. அதற்கு முந்திய மாரி கடுமையானது என்பதால், குளிர்தான் மரத்தைக் கொண்டுபோனது என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

மரத்தை அகற்ற வந்தவர் எங்கள் ஊர்ப் பெடியன். மரப் பராமரிப்புக்கான ஆர்பரிஸ்ட் படிப்புப் படித்து, பரீட்சை எழுதி, அந்தத் தொழிலிலேயே இருப்பவர். வாளை எடுப்பதற்கு முன் முழந்தாளிட்டு, அடிமரத்தைச் சுற்றியிருந்த மண்ணைக் கையால் தோண்டினார். ஒரு சாண் ஆழம் போனபிறகுதான் வேர் புறப்படும் இடம் தெரிந்தது. அதற்கு மேலே, தண்டைச் சுற்றி, பெருவிரல் பருமனில் ஒரு வேர் கயிறு கட்டினதுபோல் இறுகிக் கிடந்தது. “ஐயா, இது குளிருக்குச் செத்த மரம் இல்லை. கழுத்தைத் தாட்டுப் போட்டியள்” என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த வேரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. குளிர்நாட்டில், வீட்டு முற்றத்திலும் கடைத் தொகுதியின் வாசலிலும் காசு கொடுத்து நட்ட மரங்கள் ஏன் சாகின்றன? கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்த ஆய்வுகளையும், இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் செய்வதையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று துலக்கமாயிற்று. குளிர் பெரும்பாலும் கடைசி அடியைத்தான் கொடுக்கிறது. முதல் அடி நடுகின்ற நாளிலேயே விழுந்துவிடுகிறது.

தென்னைக்கு அப்பா செய்தது சரியான முறை. மூன்றடிக் கிடங்கில் தாழ வைத்துக் கன்று வளர வளர மண்ணை நிரப்புவதுதான் வழக்கம். தென்னை தன் அடித்தண்டிலிருந்து புது வேர்களை விட்டுக்கொண்டே இருக்கும். தாட்டால் பிடிமானம் கூடுமே தவிரக் கேடில்லை. மேப்பிளும் ஓக்கும் வேறு சாதி. தண்டு அகன்று வேராக மாறும் இடத்தைத்தான் தொழிலில் இருப்பவர்கள் கழுத்து என்கிறார்கள். அந்தப் பட்டைக்குக் காற்று வேண்டும். மண்ணுக்குள் போனால் ஈரத்தில் ஊறி மெல்ல அழுகும். மூச்சுக்கு ஏங்கும் வேர்கள் மேல்நோக்கி வந்து தண்டையே சுற்றத் தொடங்கும். தண்டு பருக்கப் பருக்க அந்தச் சுற்று இறுகும். இவையெல்லாம் நடக்க ஐந்து வருடம் போகலாம், பதினைந்து வருடமும் போகலாம். பட்டுப்போகும்போது யாரும் நடவை நினைப்பதில்லை. எங்கள் சனங்களில் எத்தனை பேர் இதே நல்லெண்ணத்தோடு மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் பிரம்ரனிலும் மேப்பிள்களைத் தாட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

சரி, குளிருக்கு எந்தப் பங்கும் இல்லையா? உண்டு. ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் இல்லை.

மரம் வாங்கப் போனால் முதலில் கேட்பது, அது தாங்கும் குளிரைக் குறிக்கும் வலய எண். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1960-ல் வெளியிட்ட வலய வரைபடம் ஒரே ஒரு அளவை வைத்துப் போடப்பட்டது: ஓர் இடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரி. கனடா 1967-ல் தனக்கென்று போட்ட வரைபடம் ஏழு அளவுகளைப் பார்த்தது. குறைந்த வெப்பநிலையோடு, உறைபனி விழாத நாட்களின் எண்ணிக்கை, கோடை மழை, உயர்ந்த வெப்பநிலை, பனிப்போர்வையின் ஆழம், தை மாத மழை, காற்றின் வேகம் எல்லாம் கணக்கில் வந்தன. பனி ஆழம் ஏன் கணக்கில் வருகிறது என்று கேட்கலாம். பனி ஒரு கம்பளி. அது மூடியிருக்கும் மண் மேலே உள்ள காற்றைவிடப் பல பாகை சூடாக இருக்கும். தை மாத மழை அந்தக் கம்பளியைக் கரைத்துவிடும். கல்கரியில் மரம் வளர்ப்பது சிரமம் என்பதற்கு வெறும் குளிர் மட்டும் காரணம் இல்லை. ரொக்கி மலையிலிருந்து இறங்கும் சினூக் என்ற உலர்காற்று நடு மாரியில் சில மணி நேரத்துக்குள் வெப்பநிலையை இருபது பாகை ஏற்றிவிடும். பனி கரையும், கிளைகள் விழிக்கும், நிலம் மட்டும் உறைந்தே கிடக்கும். அடுத்த நாள் மறுபடி குளிர் இறங்கும். வலய எண்ணை மட்டும் பார்த்து மரம் வாங்குகிறவருக்கு இது தெரிய வராது.

குளிரை மரம் தாங்கும் விதம் அறிய அறிய வியப்பூட்டுவது. கோடையில் உயிரோட்டமுள்ள ஒரு மேப்பிள் கிளையைச் சில பாகை உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனாலே செத்துவிடும். அதே கிளை தை மாதத்தில் கடுங்குளிரிலும் உயிரோடிருக்கும். பகல் குறுகத் தொடங்கும்போது மரம் வளர்ச்சியை நிறுத்திவிட்டு மாரிக்கு ஆயத்தமாகிறது. முதல் உறைபனிகள் அந்த ஆயத்தத்தை ஆழமாக்குகின்றன. ஓக், எல்ம், ஆஷ், சர்க்கரை மேப்பிள் போன்ற மரங்களின் மரத்திசுவில் உள்ள நீர் உறையாமல் திரவமாகவே மைனஸ் 40 பாகை வரை குளிர்ந்துகொண்டு போகும். அந்த எல்லையைக் கடந்தால் ஒரேயடியாக உறையும், உயிரணு சாகும். வடக்கே போகப் போக இந்த மரங்களின் காடுகள் ஓர் எல்லையோடு நின்றுவிடுவதற்கும் அந்த மைனஸ் 40-க்கும் தொடர்பு உண்டு என்பதை 1970களில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பேர்ச்சும் பொப்லரும் வில்லோவும் வேறு வழி எடுத்துக்கொண்டவை. உயிரணுவிலிருந்த நீரை வெளியே விட்டு, அங்கே பனிக்கட்டியாக உறையவிட்டு, தாம் சுருங்கி வாழ்கின்றன. ஜப்பானிய அறிஞர் அகிரா சகாய், படிப்படியாகக் குளிரவைத்த வில்லோக் குச்சிகளைத் திரவ நைதரசனுக்குள் இறக்கி, வெளியே எடுத்து உயிரோடிருக்கக் கண்டார். அது மைனஸ் 196 பாகை.

இதிலிருந்து நடுகிறவருக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன. கோடைக் கடைசியில் நைதரசன் உரம் போட்டால் மரம் ஆயத்தமாக வேண்டிய வேளையில் புதுத் தளிர் விடும். அந்தத் தளிர் முதல் குளிரிலேயே கருகும். அடுத்தது, பெயர் ஒன்றாக இருந்தாலும் மரம் ஒன்றல்ல. சிவப்பு மேப்பிள் புளோரிடாவிலும் வளர்கிறது, ஒன்ராறியோவின் வடக்கிலும் வளர்கிறது. தெற்கத்தி விதையிலிருந்து வந்த கன்றுக்கு வடக்கின் பகல் நீளம் புரியாது. நல்ல மரப்பண்ணை விதை எங்கேயிருந்து வந்தது என்று சொல்லும்; சொல்லாவிட்டால் கேட்க வேண்டும். மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது: வேருக்குக் கிளையின் தாங்குதிறன் கிடையாது. மைனஸ் 35-ஐத் தாங்கும் மரத்தின் இளவேர்கள் மைனஸ் 10-ஐ ஒட்டியே சாகலாம். நிலத்தின் சூடுதான் அவற்றைக் காப்பாற்றுகிறது. கடை வாசலில் கொங்கிறீற் தொட்டிக்குள் வைத்த மரம் இரண்டு மாரிகளில் பட்டுப்போவதற்கு இதுவே பெரிய காரணம். தொட்டியின் நாலு பக்கமும் குளிர் சூழ்ந்து நிற்கிறது. தொட்டியில் வைப்பதானால் தன் ஊரைவிட இரண்டு வலயம் குளிரான இடத்து மரத்தைத் தெரிவு செய்வது தொழில்காரரின் வழக்கம்.

அடுத்த கேள்வி, எவ்வளவு பெரிய மரம் வாங்குவது? காசுள்ளவர்கள் பெரிய மரம் கேட்கிறார்கள். நட்ட அன்றே நிழல் வேண்டும். இங்கே மரத்தின் அளவைத் தண்டின் விட்டத்தால் சொல்வார்கள். நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் அளப்பார்கள். 60 மில்லிமீற்றர் மரம் என்றால் வீட்டுக்கு ஓரளவு பெரியது. பண்ணை நிலத்திலிருந்து இயந்திர மண்வெட்டியால், வேரைச் சுற்றிய தாய்மண்ணோடு தோண்டி, சாக்குத் துணியால் சுற்றி, கம்பிக்கூடைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். தாய்மண் மட்டுமே இரண்டு ஆட்கள் தூக்க முடியாத பாரம். ஆனால் அந்தப் பாரத்துக்குள் இருப்பது மரத்தின் வேர்த்தொகுதியில் ஒரு சிறு பங்குதான். பத்தில் ஒன்பது பங்கு பண்ணையிலேயே அறுபட்டுக் கிடக்கிறது. சிகாகோவுக்கு அருகே உள்ள மோர்ட்டன் மரத்தோட்டத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்த கேரி வொட்சன், தண்டின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரு வருடம் வேர் மீளத் தேவை என்று கண்டார். புளோரிடாவில் அதே மீட்சி மூன்று, நான்கு மாதத்தில் நடந்துவிடும். மண் சூடாக இருக்கும் மாதங்கள் குறைவு என்பதுதான் குளிர்நாட்டு மரம் கட்டும் வரி. வொட்சன் 1985-ல் போட்ட கணக்கின்படி 4 அங்குல மரம் 5 ஆண்டுகளிலும் 10 அங்குல மரம் 13 ஆண்டுகளிலும் பழைய வேர்ப் பரப்பை மீட்கின்றன. அதற்குள் சின்ன மரம் பெரிய மரத்தை எட்டிப் பிடித்துவிடுகிறது. என்னைக் கேட்டால், வீட்டு முற்றத்துக்கு 40 மில்லிமீற்றருக்கு மேல் வாங்குவது காசைக் கொடுத்து மரத்தின் நோவை வாங்குவது.

பருவத்தைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. மண் இளகியபின் மொட்டு விரியுமுன்னும், புரட்டாதி நடுப்பகுதியிலிருந்து இலை கொட்டி முடியும் வரையும் நல்லகாலம். ஓக், பேர்ச் போன்றவை இலையுதிர்கால நடவை விரும்புவதில்லை. அவற்றை இளவேனிலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஊசியிலை மரங்களை இலையுதிர்காலத்தில் வைப்பதானால் முந்தியே வைக்க வேண்டும். அவை மாரி முழுவதும் நீரை இழந்துகொண்டே இருக்கும். உறைந்த நிலத்திலிருந்து எடுக்க நீர் கிடைக்காது. பங்குனியில் வீட்டு வேலியாக நிற்கும் சீடர் மரங்கள் பழுப்பேறி நிற்பது இந்தத் தாகத்தால். நிலம் இறுகும்வரை, கார்த்திகையிலும், தண்ணீர் விட வேண்டும் என்று சொன்னால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். அதுதான் சரியான முறை.

இனி நடவு. போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மூன்று பேர் வந்து ஒரு பர் ஓக் மரம் நட்டதை வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் எங்கே போகின்றன என்று முன்கூட்டியே கேட்டு, புல்லில் மஞ்சள் நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் குறி போடப்பட்டிருந்தது. ஒன்ராறியோவில் தோண்டுமுன் அப்படிக் கேட்பது சட்டம், செலவும் இல்லை. வந்தவர்கள் உடனே கிடங்கை வெட்டவில்லை. முதலில் தாய்மண்ணின் மேலிருந்த மண்ணை விரலால் கிளறினார்கள். பண்ணையிலேயே கழுத்து நான்கு விரல் புதைந்திருந்தது. அதை வெளியே கொண்டுவந்தபிறகு, அங்கிருந்து தாய்மண்ணின் அடிவரை ஒரு தடியால் அளந்தார்கள். அந்த அளவே கிடங்கின் ஆழம். ஒரு விரல்கூடக் கூட்டவில்லை. அகலத்தை மட்டும் மூன்று மடங்குக்கு விரித்தார்கள். களிமண் சுவர் மண்வெட்டி பட்டு மட்பாண்டம் போல் வழுவழுப்பாகிவிட்டிருந்தது. அதை அலவாங்கால் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்கினார்கள். மரத்தை இறக்கி நிறுத்தியபின் கம்பிக்கூடையின் மேற்பகுதியை வெட்டி எடுத்து, சாக்கை உரித்து, தோண்டிய அதே மண்ணைத் திரும்பப் போட்டார்கள். எரு இல்லை, வாங்கிய மண் இல்லை. ஒக்லகோமாவில் கார்ல் விட்கொம்ப் 1970களிலேயே சோதித்துக் காட்டியது இது: கிடங்குக்குள் மட்டும் வளமான மண்ணைப் போட்டால் மரத்துக்குப் பயனில்லை. களிமண் நிலத்தில் அந்தக் கிடங்கு வாளிபோல் தண்ணீரைத் தேக்கவும் செய்யும். மரத்தின் வேர்களில் பெரும்பங்கு மேல் 60 சென்ரிமீற்றருக்குள்தான் ஓடுகிறது. கிளை விரிவின் இரண்டு, மூன்று மடங்கு தூரம் போகிறது. ஆழம் அதற்குத் தேவையில்லை.

கடைசியில் மரச்சீவல் மூடாக்கு, நான்கு விரல் உயரத்துக்குள், தண்டைத் தொடாமல். ஊன்றுகோல் கட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். “அசையட்டும் அண்ணை, அப்பத்தான் அடி பருக்கும்” என்றார் ஒருவர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹரிஸும் உடன் ஆய்வாளர்களும் 1970களின் தொடக்கத்தில் சொன்னதும் அதுவே. காற்றில் ஆடும் தண்டு அடியில் பருக்கிறது. இறுக்கிக் கட்டியது மெலிந்து நீள்கிறது. முழு வேலைக்கும் இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணியில் கிடங்கு வெட்டியது இருபது நிமிடம். மீதி நேரம் எதற்குப் போயிற்று என்பதில்தான் தொழில்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

கடைத் தொகுதிகளிலும் அலுவலக வளவுகளிலும் நிலைமை இன்னும் கடினம். வாகனத் தரிப்பிடத்தின் நடுவே நாலடிச் சதுரத்தில் ஒரு மரம். அதைச் சுற்றிச் சரளையும் தாரும் இயந்திர உருளையால் நசுக்கப்பட்டுக் கல்லாகக் கிடக்கின்றன. வேர் போக வழியில்லை. ஒரு பெரிய நிழல்மரத்துக்கு 30 கனமீற்றர் மண் வேண்டும் என்று ரொறன்ரோ நகரின் பசுமைக் கட்டட விதிகள் கேட்கின்றன. ஒரு மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பெரிய வரவேற்பறையின் தரையளவு. இவ்வளவு மண்ணைத் தார்த் தரையின் கீழ் எப்படிக் கொடுப்பது? ஒரு வழி, பாரத்தைத் தாங்கும் பிளாஸ்ரிக் சட்டங்களை அடுக்கி, இடையில் இறுகாத மண்ணை நிரப்பி, மேலே நடைபாதை போடுவது. ஸ்ரொக்ஹோமில் வேறு வழி கண்டார்கள். அந்த நகரின் மர அதிகாரியாக இருந்த பியோர்ன் எம்ப்ரேன், பெரிய உடைகற்களை அடுக்கி, இடைவெளிகளில் மண்ணையும் உயிர்க்கரியையும் நீரால் கழுவி இறக்கும் முறையை வளர்த்தெடுத்தார். கற்கள் பாரத்தைத் தாங்கும். வேர் இடைவெளியில் ஓடும். கூரையிலிருந்தும் தெருவிலிருந்தும் வரும் மழைநீரும் அதற்குள் போகும். பட்டுப்போய்க்கொண்டிருந்த பழைய தெருமரங்களே அங்கே மீண்டும் துளிர்த்தன. செலவு கூட. ஆனால் பத்து வருடத்தில் மூன்று தடவை மரம் மாற்றும் செலவை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பிறகு உப்பு. பனி கொட்டினால் தெருவுக்கும் தரிப்பிடத்துக்கும் உப்பு எறிகிறார்கள். சறுக்கி விழுந்தால் வழக்கு வரும் என்ற பயத்தில் தனியார் வளவுகளில் கைக்கு அளவே இல்லை. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்துக் காற்றோட்டத்தை அடைக்கிறது. குளோரைட் இலைக்கு ஏறி ஓரங்களைக் கருக்குகிறது. சர்க்கரை மேப்பிளும் வெள்ளைப் பைனும் இதைத் தாங்கா. ஹனி லோகஸ்ட், கென்ரக்கி கொஃபி மரம், ஜிங்கோ ஓரளவு தாங்கும். ஆனால் மரத்தெரிவைவிட எளிய ஒரு தீர்வு உண்டு: தள்ளிய பனியை எங்கே குவிப்பது என்று வரைபடத்திலேயே குறித்துவிடுவது. நான் பார்த்த தரிப்பிடங்களில் பாதிக்கு மேல், உப்பு கலந்த பனி மலை மரத்தின் தலையிலேயே குவிந்து கிடந்தது. மரம் நடும் ஒப்பந்தக்காரரும் பனி அள்ளும் ஒப்பந்தக்காரரும் ஒருவரை ஒருவர் சந்திப்பதே இல்லை.

எந்த மரம் என்ற கேள்விக்கு வரலாறு ஒரு கடுமையான பதில் வைத்திருக்கிறது. கனடாவின் தெருக்களை எல்ம் மரங்கள் பந்தலிட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1944-ல் கியூபெக்கில் டச்சு எல்ம் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, பந்தல் சரிந்தது. வெற்றிடத்தை நோர்வே மேப்பிளாலும் ஆஷாலும் நிரப்பினார்கள். 2002-ல் டெற்ரோயிற்றிலும் வின்ட்ஸரிலும் மரகதப் பச்சை நிறத்தில் ஆசியாவிலிருந்து வந்த, ஆஷைக் கொல்லும் துளைவண்டு அகப்பட்டது. ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 860,000 ஆஷ் மரங்கள் நின்றன, பெரும்பாலானவை போய்விட்டன. அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தின் ஃபிராங்க் சன்ரமோர் 1990-லேயே ஓர் அளவு சொல்லியிருந்தார்: ஒரு நகரில் ஓர் இனம் 10 சதவீதத்துக்கும், ஒரு பேரினம் 20-க்கும், ஒரு குடும்பம் 30-க்கும் மேல் போகக் கூடாது. நகரம் முழுவதையும் தனி வீட்டுக்காரர் ஆளமுடியாது. ஆனால் தன் தெருவில் மேலும் கீழும் நடந்து என்ன நிற்கிறதென்று பார்த்துவிட்டு, அங்கே இல்லாததை நடலாம்.

இவ்வளவும் நகரத்துக் கதை. கனடாவில் மரம் நடுவதைத் தொழிலாக, முறையாகச் செய்ததன் மிகப் பெரிய சான்று நகரத்தில் இல்லை. சஸ்கச்சுவான் சமவெளியில், இந்தியன் ஹெட் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே 1901-ல் தொடங்கிய காற்றுத்தடுப்பு மரத் திட்டம் 2013 வரை 60 கோடிக்கு மேற்பட்ட கன்றுகளைச் சமவெளிக் குடியானவர்களுக்குக் கொடுத்தது. மரமே இல்லாத புல்வெளி, தடுக்க ஒன்றுமில்லாத காற்று, மைனஸ் 40. சைபீரியாவிலிருந்து வந்த கரகானாவும், மனிற்ரோபா மேப்பிளும், ஆஷும், ஸ்பிரூஸும் வரிசை வரிசையாக நின்றன. உயரத்தின் பத்து மடங்கு தூரத்துக்கும் அப்பால் காற்றின் வேகம் தணிந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது கன்றின் எண்ணிக்கை அல்ல. திட்டத்தை ஆரம்பத்தில் நடத்திய நோர்மன் றொஸ் வைத்த நிபந்தனை: கன்று இலவசம், ஆனால் முந்திய கோடையிலேயே நிலத்தை உழுது களை எடுத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும், ஆள் வந்து பார்த்த பிறகுதான் கன்று வரும்.

இன்றைய வீட்டுத் தோட்ட ஒப்பந்தங்களில் அப்படியொரு முன்யோசனை அரிது. பெரும்பாலானவை ஒரு வருட உத்தரவாதம் தருகின்றன. மரமோ முதல் வருடத்தைப் பண்ணையில் சேர்த்துவைத்த சேமிப்பிலேயே ஓட்டிவிடும். தாழ நட்டதன் கேடு உத்தரவாதம் முடிந்து பல வருடம் கழித்துத்தான் வெளியே வரும். ஆகவே காசு கொடுக்கிறவர் கேட்க வேண்டியது உத்தரவாதத்தின் நீளத்தை அல்ல. கழுத்து தெரியும்படி நடுவீர்களா, மூன்று கோடைக்குத் தண்ணீர் யார் பொறுப்பு, கட்டு இருந்தால் எப்போது அவிழ்ப்பீர்கள், முயல் பட்டையைக் கடிக்காமல் மாரிக்கு வலை யார் சுற்றுவது என்று கேட்க வேண்டும். ரொறன்ரோவில் வீட்டின் முன் நகரத்துக்குச் சொந்தமான துண்டு நிலம் இருந்தால் நகராட்சியே கேட்டவருக்கு இலவசமாக மரம் நட்டுத் தருகிறது. பின்வளவுக்கு லீஃப் என்ற தன்னார்வ அமைப்பு மானிய விலையில் ஆளை அனுப்பி இடம் பார்த்து நட்டுத் தருகிறது. தெரியாமலே பலர் முழு விலை கொடுக்கிறார்கள்.

நாங்களும் மறுபடி நட்டோம். இம்முறை ஹக்பெரி, 35 மில்லிமீற்றர், எங்கள் தெருவில் வேறு யாரிடமும் இல்லாதது. கிடங்கு என் முழந்தாளுக்கும் வரவில்லை. அப்பா கதிரை போட்டு இருந்து, கையில் தடியோடு ஆழத்தைத் தானே இரண்டு தடவை அளந்தார். இப்போது ஒவ்வோர் இளவேனிலும் பனி கரைந்ததும் மரத்தடிக்குப் போய், மாரியில் ஒதுங்கிய இலையையும் மூடாக்கையும் விலக்கி, கழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு வருகிறார்.